பழைய பாக்கி

ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஓர் ஊரில் நடக்கத் தயங்குகிற தெரு ஒன்று இருக்கும். சிலருக்கு அந்தத் தெருவில் பழைய காதலியின் வீடு இருக்கும். அப்படிப்பட்ட பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, பாக்கிதான் கிடைத்தது. கும்பகோணத்தில் ஒரு சிறு தெருவில், ஒரு மெஸ்ஸில், மூன்று மாதச் சாப்பாட்டுப் பணம் நான் தர வேண்டியிருந்தது. தராமலேயே பதினாறு வருஷங்களைக் கழித்துவிட்டேன்.

நான் பாட்டுக்குச் சென்னையில் சௌக்கியமாகத்தான் இருந்தேன். வினை ஆசிரியர் உருவத்தில் வந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "காலேஜ் ஊர்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். நீர் கும்பகோணத்தில் படித்தவர்தானே? காலேஜ் திறக்கிற வாரம் போய்ப் பார்த்துவிட்டு வாரும்" என்றார்.

"மதுரை கூட நல்ல ஊர், ஸார். பாளையங்கோட்டை இன்னும் நல்ல ஊர்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உமக்குக் கும்பகோணம்தான் தெரியும்" என்று அவர் முடித்துவிட்டார். எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது!

ஆகவே 2025 ஜூலை முதல் வாரத்தில், நானும் எங்கள் புகைப்படக்காரரும் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிவதற்கு முன்பே கும்பகோணத்தில் இறங்கினோம். நண்பருக்கு அதுதான் முதல் தடவை. கண்ணில் பட்ட கோபுரத்தையெல்லாம் படம் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

* * *

காலேஜ் திறக்கிற வாரத்தில் கும்பகோணத்தைப் பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அரியலூர், ஜயங்கொண்டம், மன்னார்குடி, மாயவரம் என்று எல்லாத் திக்கிலிருந்தும் பஸ்கள் வந்து பையன்களை இறக்கிவிடுகின்றன. ஒவ்வொரு பையனுக்கும் பின்னால் ஒரு தகப்பனார். தகப்பனார் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் பாய், தலையணை உறை, ஊறுகாய் பாட்டில். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பெயர் போன ஊரில், பாத்திரக் கடைக்காரர்கள் கூட அந்த வாரம் வாளியையும் குவளையையும் முன்னால் கொண்டுவந்து அடுக்கிவிடுகிறார்கள். ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. டிகிரி காப்பி குடிக்க வந்த யாத்ரீகர்கள், மாணவர் கூட்டத்துக்கு நடுவே தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். 2016ல் வந்தது, இனி 2028ல் வர வேண்டும். நடுவில் உள்ள வருஷங்களில் ஊருக்குக் களை கொடுப்பது இந்தப் பையன்களும் பெண்களும்தான் என்று அரிசி மண்டிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் வியாபாரம் அவருக்கு!

காவேரியின் ஒரு கரையில் ஊர். மறு கரையில் அரசினர் கலைக் கல்லூரி. பாலம் வருவதற்கு முன் மாணவர்கள் படகில் போய்ப் படித்தார்களாம். எங்கள் காலத்தில் கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டால், பாலத்தையும் பாராமல் மணலில் இறங்கி ஓடுவோம். இந்தத் தடவை மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12லேயே திறந்துவிட்டதால், ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பாலத்தின் மேல் நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றங்கரைக் கல்லூரிக்கே உரிய குணம் இது, மாறவில்லை.

1854ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1867ல் கல்லூரியாக உயர்ந்தது அது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று அதற்கு ஒரு பட்டமும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1880ல் அங்கே தமிழாசிரியராக வந்தார். அதே வருஷம், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று அவரைக் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் ஏடுகளைத் தேடி ஐயரை ஊர் ஊராக அலைய வைத்தது. 1887ல் சிந்தாமணி அச்சேறியது. 1903 வரை ஐயர் கும்பகோணத்தில்தான் இருந்தார்.

"இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் எங்கே?" என்று கேட்டார் நண்பர்.

கேள்வி நியாயமானதுதான். அழைத்துக்கொண்டு போனேன், சாரங்கபாணி சந்நிதித் தெருவுக்கு. அங்கேதான் கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. இப்போது நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். சின்ன வீடு, திண்ணை, கூடம், சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். தகப்பனார் புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். சம்பளம் போதாது. ஆகவே தாயார் கோமளத்தம்மாள், காலேஜ் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அப்படித் தங்கிய பையன்களிடம் சின்ன இராமானுஜன் கணக்குக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றுத் தீர்த்துவிட்டானாம். பிறகு 1903ல், கல்லூரி நூல்நிலையத்துப் புத்தகம் ஒன்று சிநேகிதர் மூலமாக இரவலாக வந்தது. கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரங்கள். அந்தப் புத்தகம்தான் அவருக்கு வழி திறந்தது. மறு வருஷம் உதவித் தொகையோடு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கையே கட்டிக்கொண்டு மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், உதவித் தொகை போயிற்று. 1905ல் வீட்டில் சொல்லாமல் ஊரை விட்டே போய்விட்டார்.

நண்பர் அந்த ஜன்னலைப் படம் பிடித்தார். எனக்கு மட்டும் வேறு ஞாபகம். காலேஜ் பையன்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்த ஓர் அம்மாள், இரவல், சொல்லாமல் ஊரை விட்டுப் போன ஒரு பையன். மேதைக்கும் எனக்கும் பொருத்தம் அவ்வளவோடு சரி. ஆனால் அவ்வளவே எனக்குத் தாங்கவில்லை.

* * *

என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். 2006ல் பி.ஏ. சரித்திரம் படிக்கக் கும்பகோணம் வந்தேன். நாலு பையன்களோடு ஓர் அறை. சாப்பாட்டுக்கு மாமி மெஸ். மாமியின் கணவர் காலமானபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதாம். கையில் பத்து வயசுப் பிள்ளை. கூடத்தில் இலை போட்டு ஆறு பையன்களுக்குச் சோறு போட ஆரம்பித்தாள். நான் சேர்ந்தபோது முப்பது பையன்கள் ஆகியிருந்தார்கள். காலையும் இரவும் இரண்டு வேளைக்கு மாதம் தொள்ளாயிரம் ரூபாய். முன்பணம் கிடையாது. "பேர் சொல்லு, ஊர் சொல்லு" என்பாள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவாள். அவ்வளவுதான், அன்று ராத்திரியே இலை விழும்.

சின்ன உடம்பு மாமிக்கு, பெரிய குரல். "ரசத்தை விட்டு எழுந்திருக்காதே! வயிறு என்ன உங்கப்பா வீட்டுக் குதிரா?" என்று அதட்டுவாள். பரீட்சைக்கு முதல் நாள் எல்லோருக்கும் தயிரில் சர்க்கரை போடுவாள். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கஞ்சியைத் தூக்கில் ஊற்றி நாலு நாள் அறைக்கு அனுப்பினாள். கணக்கில் அந்த நாலு நாளைக் கழித்துவிட்டாள். "நீ சாப்பிட்டது கஞ்சி, சாப்பாட்டுக்குத்தான் பணம்" என்றாள்.

2008 நவம்பர் கடைசியில் 'நிஷா' புயல் வந்தது. டெல்டாக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டாம். வயலெல்லாம் ஏரியாயிற்று. அப்பாவின் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் அழுகியது. தை மாதம் வீட்டிலிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. மாமியிடம் சொன்னேன். "வரும்போது கொடு" என்றாள். மாசியில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். பங்குனியில் ஒன்றுமில்லை. ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பாக்கி இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது.

அன்று இரவு நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. பின் தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நாலைந்து மாதத்தில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முதல் வருஷம் கையில் பணம் இல்லை. இரண்டாம் வருஷம் பணம் இருந்தது, வெட்கமாக இருந்தது. மூன்றாம் வருஷம் முதல், வெட்கப்படுகிறோம் என்பதே போதும், பணம் கொடுத்த மாதிரிதான் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. மனசைப் போல் கெட்டிக்கார வக்கீல் யாரும் இல்லை.

* * *

"என்ன ஸார், மகாமகக் குளத்துக்குப் போக இவ்வளவு சுற்றா?" என்று நண்பர் மூன்றாம் தடவையாகக் கேட்டார். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காக நான் அவரைக் காலையிலிருந்து கால் வலிக்க நடத்திக்கொண்டிருந்தேன்.

குளக்கரை மண்டபத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காமிராவைப் பைக்குள் வைத்து, "நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஓர் உறையில் பத்தாயிரம் ரூபாய் போட்டுக்கொண்டேன். பதினாறு வருஷ வட்டிக்கு அது சரியாக இருக்கும் என்று கணக்கு. போகிற வழியில் ஒரு யோசனை வந்தது: மாமி இல்லாமலே போயிருந்தால்? யோசனையோடு கூடவே ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. வேகமாக நடந்தேன்.

வாசலில் கோலம் இருந்தது. திண்ணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"திருத்துறைப்பூண்டிதானே? என்னடா, வாசலிலேயே நிற்கிறே? உள்ளே வா."

நமஸ்காரம் செய்து, உறையை நீட்டினேன். "மாமி, பழைய பாக்கி…" என்றேன். மேலே பேச வரவில்லை.

உறையைப் பிரித்து எண்ணினாள். நிதானமாக இரண்டாயிரத்து ஐந்நூறு எடுத்தாள். "ஐம்பது சில்லறையாக வைத்திருக்கிறாயா?" என்றாள். கொடுத்தேன். மிச்சத்தை அப்படியே உறையில் போட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது வட்டி, மாமி."

"நான் மெஸ் வைத்திருக்கிறேன், வட்டிக் கடை வைக்கவில்லை."

தொகை அவளுக்கு நினைவிருந்தது! நான் சொல்லவே இல்லை. "என் மேல் கோபமா, மாமி?" என்று கேட்டேன். 'இல்லையடா குழந்தே' என்று சொல்வாள் என்ற நப்பாசைதான்.

"ஆமாம்" என்றாள் மாமி.

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே சொன்னாள். "புயல் வந்த வருஷம் நீ மட்டும் இல்லை, மூணு பேர் சொல்லாமல் போனீர்கள். அரிசி மண்டிக்கு நான் பாக்கி. சங்கிலியை அடகு வைத்தேன். அது போகட்டும், மீட்டுவிட்டேன். ஆனால் அந்த வருஷம்தான் முதல் முதலாக, 'ஒரு மாசப் பணம் முன்னால் வைத்தால்தான் இலை' என்று சட்டம் போட்டேன். ஜூனில் ஒரு பையன் வந்தான். கூட அப்பா. தகரப் பெட்டி. 'ஒரு மாசம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, அறுப்பு முடிந்ததும் தருகிறோம்' என்றார். முடியாது என்றேன். உன் முகம்தான் அப்போது என் கண்ணிலே நின்றது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனசு கேட்காமல் மறு வாரம் காலேஜ் பையன்களிடம் விசாரித்தேன். அப்படி யாரும் சேரவில்லை என்றார்கள்."

கூடத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"உன் மேல் கோபம் இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பதுக்கு இல்லை. வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பையனுக்கு நான் இலை போட்டிருப்பேன். அதற்குத்தான் கோபம்."

அதுவரையில் என் கடன் எனக்கும் மாமிக்கும் நடுவில் உள்ள சமாசாரம் என்றே நான் எண்ணியிருந்தேன். பேர் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவன் அதில் இருந்தான். அவனுக்கு நான் என்ன கொடுக்க முடியும்? உறையை மறுபடி நீட்டினேன். "இதை யாராவது ஏழைப் பையனுக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள், மாமி."

"அதை வைத்துவிட்டுப் போனால் உன் மனசு லேசாகிவிடும். அதற்கா வந்தாய்?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "அப்பா எப்படி இருக்கிறார்? நிலம் இருக்கிறதா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, குத்தகையை விட்டுவிட்டார் என்றேன். "அவரிடம் கொடு. பையன் படித்து முடித்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் குறை இருக்கும்" என்றாள்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து நோட்டைக் கொண்டுவந்தாள். அதே மாதிரிக் கோடு போட்ட நோட்டு. இந்த வருஷத்தது.

"ஒரு பையன். ஜயங்கொண்டம் பக்கம். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வரமாட்டான் என்று எனக்கே தெரியும்." கையில் இருந்த நோட்டுகளைப் பார்த்தாள். "இது வராது என்று நான் எப்போதோ தலை முழுகின பணம். வந்துவிட்டது. அவன் கணக்கில் வரவு வைக்கிறேன். நீ கொடுத்ததாக இல்லை. நானே கதவைத் திறந்ததாக. புரிகிறதா?"

புரிந்தது என்று தலையை ஆட்டினேன். ஆனால் அது முழுக்கப் புரிய, எனக்குத் திரும்பும் ரயில் பயணம் முழுவதும் வேண்டியிருந்தது.

* * *

அன்று இரவு நானும் நண்பரும் மாமி மெஸ்ஸில்தான் சாப்பிட்டோம். "காசு கொடுத்துவிட்டு உட்காருங்கள்" என்றாள் மாமி. கொடுத்தோம். வாசலில் செல்போனைக் காட்டிப் பணம் அனுப்பும் அட்டை ஒன்று தொங்குகிறது. மகன் பெங்களூரிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனானாம். மாமிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு தடவை 'டிங்' என்று சத்தம் கேட்டதும் நோட்டில் ஒரு கோடும் போட்டுக்கொள்கிறாள்.

பந்தியில் என் பக்கத்து இலையில் ஒல்லியாக ஒரு பையன் உட்கார்ந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கூடக் கலையவில்லை. இது போதும் என்று கையைக் காட்டுவதா, இன்னும் கேட்பதா என்று தெரியாமல் விழித்தான். எனக்கு அந்த முழி நன்றாகத் தெரியும். "ரசத்தை விட்டு எழுந்திருக்காதே" என்று மெதுவாகச் சொன்னேன். சிரித்தான்.

"எந்த ஊர், தம்பி?"

"ஜயங்கொண்டம் பக்கம், ஸார்" என்றான். பிறகு, தைரியம் வந்து, மோர் ஊற்ற வந்த மாமியைப் பார்த்து, "இந்த ஸார் யாரு, மாமி?" என்று கேட்டான்.

மாமி என் இலையில் மோரை ஊற்றினாள். அவன் இலையிலும் ஊற்றினாள்.

"இவனா? பழைய பாக்கி!" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.